கோவர்த்தனனின் கடல் வைத்தியம்

ஆவணி பிறந்த அன்று காலை, கேழ்வரகுக் கூழுக்கு முன்னால் உட்கார்ந்து கோவர்த்தனன் ஒரு முடிவுக்கு வந்தார். புரட்டாசி வருவதற்குள் வயிறு நிறைய மீன் தின்றாக வேண்டும்.

இதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவர் வீட்டுச் சட்டம் தெரியாது. நகரிக்குப் பக்கத்தில் நிலக்கடலை போடுகிற விவசாயி அவர். ஒரே பெண்ணைத் திருத்தணியில் கட்டிக்கொடுத்திருந்தார். ஆந்திரா தனி ராஜ்யமானதிலிருந்து எல்லைப் பேச்சு ஓயவில்லை. நகரி எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று டீக்கடையில் ஆளுக்கொரு கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் அந்தக் கோடு விழுந்துவிடக் கூடாதே என்று அவர் மனைவி அலமேலு திருப்பதிப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். எல்லை முடிவாகிற வரைக்கும் இந்த வீட்டில் கவுச்சி கிடையாது.

முன்பெல்லாம் அந்த வீட்டில் சனிக்கிழமை மட்டும்தான் சனிக்கிழமை. வேண்டுதலுக்குப் பிறகு எல்லாக் கிழமையும் சனிக்கிழமையாகிவிட்டது. எங்கோ டில்லியில் யாரோ வரைபடத்தை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார்கள். இங்கே கோவர்த்தனனுக்கு ஒரு துண்டு கருவாடு இல்லை. இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. எல்லைக்காக எத்தனையோ பேர் ஊர்வலம் போனார்கள், கோஷம் போட்டார்கள். வாயைத் திறக்காமலே தியாகியானவர் அவர் ஒருவர்தான்.

உள்ளூரில் திருட்டுத்தனமாகத் தின்னவும் வழியில்லை. நகரிச் சந்தையில் நெத்திலிக் கூடைப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றால் போதும், அவர் வீடு போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். கடற்கரைக்குப் போக வேண்டும். அதற்கு இதுதான் நேரம். ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்துவிட்டது. கார்த்திகை ஸ்நானத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இருக்காது.

போவதற்குக் காரணம் வேண்டுமே. முழங்காலில் வலியை வரவழைத்துக்கொண்டார். வரவழைத்தவருக்கு அதை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லை. திங்கட்கிழமை வலது காலை இழுத்து நடந்தவர், செவ்வாய்க்கிழமை இடது காலை இழுத்தார். அலமேலு மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பார்த்தாள்.

"இன்னாங்க, வலி காலு மாறிக்கினு கீதே."

"வாயு அலமேலு. ஒரு எடத்துல நிக்காது."

"நாளைக்கு எந்தக் காலுன்னு இப்பவே சொல்லுங்க. எண்ணெய் காச்சி வெக்கிறேன்."

இது எண்ணெய்க்கு அடங்காது, ஒரு வாரம் கடல் தண்ணீரில் நின்றால்தான் போகும் என்று வைத்தியர் கங்கையா சொன்னதாகச் சொன்னார். கங்கையா சொன்னது உண்மை. அப்படிச் சொல்லும்படி கங்கையாவிடம் இவர் சொன்னதும் உண்மை. அலமேலு உடனே சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் மூட்டையில் அவள் சேலைகளும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் வந்தது. கடலில் குளிப்பது புண்ணியமாம். அதுவும் போக, முட்டி வலிக்காரரை யாராவது தனியாக அனுப்புவார்களா என்று வேறு கேட்டாள்.

ரேணிகுண்டாவில் வண்டி மாறி, கூடூரில் இறங்கி, பஸ் பிடித்து உப்புப்பாளையம் என்ற கடலோர ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சத்திரத்தில் இவர்களைத் தவிர இரண்டு ஆடுகள்தான் தங்கியிருந்தன. சமையல்காரர் கார்த்திகைக்குத்தான் வருவாராம். அலமேலுவோ ஸ்நானம் செய்கிற நாட்களில் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். ஆகவே காலைப் பலகாரத்தை வெளியே பார்த்துக்கொள்ளுங்கள், நாலு கடை பார்த்து நல்ல கடையாகத் தின்னுங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். இதைக் கேட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

விடியற்காலையில் இருவரும் கடலில் குளித்து வந்ததும், வழக்கம்போல் அலமேலு தன் கையால் அவருக்கு நாமம் போட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் வெள்ளைத் திருமண், நடுவில் சிவப்பு, கீழே மூக்குத் தண்டின்மேல் இறங்கும் பாதம். அவர்கள் குடும்பம் தென்கலை. பாதம் வைக்காமல் அவர்கள் வீட்டில் நாமம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவளேதான் போட்டுவிடுகிறாள். நெற்றியைக் காட்டுவது மட்டுமே அவர் வேலை.

முதலில் பஸ் நிற்கும் இடத்தில் இருந்த சிட்டிபாபு காபி கிளப்புக்குப் போனார். கடை திறந்திருந்தது. முதலாளி ஒரு பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற பெஞ்சுகள் கவிழ்ந்து கிடந்தன. எரியாத அடுப்பு ஒன்றிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்துவிட்டு, வந்தது வாடிக்கைக்காரர்தான் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டது. கோவர்த்தனன் கனைத்தார். சிட்டிபாபு எழுந்து கண்ணைத் துடைத்து, வந்தவரின் நெற்றியைப் பார்த்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ரண்டி ஸ்வாமி" என்று வரவேற்றார். மீன் என்கிற வார்த்தையை எப்படி எடுப்பது என்று கோவர்த்தனன் வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் சிட்டிபாபு, உங்களுக்காக வெங்காயம்கூடப் போடாமல் கிண்டித் தருகிறேன் என்று தெலுங்கில் உறுதிமொழி கொடுத்து, ரவை உப்புமாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கடற்காற்றின் புண்ணியத்தில் அதில் மணலும் கொஞ்சம் இருந்தது. சத்திரத்துக்குத் திரும்பியதும் அலமேலு விசாரித்தாள். உப்புமா, வெங்காயம் இல்லை என்றார். நல்ல கடை, நாளைக்கும் அங்கேயே போங்கள் என்றாள்.

அவர் போகவில்லை. மறுநாள் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஞானம்மாள் நடத்தும் ஆப்பக் கடைக்குப் போனார். வாசலிலேயே வாசனை அவரைக் கையைப் பிடித்து இழுத்தது. அடுப்போரம் ஒரு மண்சட்டி மூடி வைக்கப்பட்டிருந்தது. மூடி இடுக்கில் புளியும் வெந்தயமும் மடவை மீனும் சேர்ந்து ஆவியாக வந்தன. சட்டிக்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தார். ஞானம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நாமத்தைக் கண்டதும் பதறிப்போனாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. பெருமாள் பக்தருங்க வர்ற நேரத்துல இந்தக் கருமத்த எதிர்க்க வெச்சிட்டேன்."

"இருக்கட்டும்மா. எனக்கொண்ணும்..."

"அதெப்படிங்க. நாங்க வேதக்காரங்கதான். ஆனா மட்டு மரியாத தெரிஞ்சவங்க."

சட்டி கொல்லைப்புறம் போயிற்று. அவர் கண்கள் கொல்லைக் கதவு வரைக்கும் கூடவே போய்த் திரும்பி வந்தன. பிறகு தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்ட ஆப்பம் வந்தது. குறை சொல்ல முடியாத ஆப்பம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சுபோல் இருந்தது. அதைத் தின்னும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்தி என்று ஞானம்மாள் நினைத்துக்கொண்டாள்.

சத்திரத்துக்குத் திரும்பும் வழியில்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. கடைகளில் மீன் இல்லாமலில்லை. அதை வரவிடாமல் தடுப்பது அவர் நெற்றி.

மூன்றாம் நாள், அலமேலு ஈரச் சேலை உலர்த்தும் நேரம் பார்த்து, அவள் பெட்டியிலிருந்து கொஞ்சம் திருமண்ணும் சிவப்புப் பொடியும் எடுத்து மடியில் முடிந்துகொண்டார். மீனவர் குப்பத்தின் கடைசியில், நாலு மூங்கிலுக்கு மேல் பனையோலை போட்ட ஒரு கடை இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், கவிழ்ந்திருந்த படகின் மறைவில் நெற்றியைக் கழுவினார். பெருமாள் மேற்கே ஏழு மலைக்கு அப்பால் இருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து பனையோலைக்குள் நடப்பது தெரியாது என்று நம்பிக்கொண்டார்.

கடைக்காரி செல்லியம்மா வெறும் நெற்றியைப் பார்த்தாள். பயமும் இல்லை, மரியாதையும் இல்லை.

"இன்னா நைனா, ஊருக்குப் புச்சா? இட்லி சூடா கீது. தொட்டுக்க நேத்து வெச்ச மடவைக் கொழம்பு. துன்னுவியா?"

கோவர்த்தனன் தட்டை நீட்டினார்.

ராத்திரி முழுக்கப் புளியில் ஊறிய மீன். குழம்பு இட்லிமேல் விழுந்து, நாலா பக்கமும் வழிந்து, மேலே எண்ணெய் மின்னிற்று. முதல் துண்டை முள் எடுத்து வாயில் வைத்தபோது எல்லைப் பிரச்சினை அவர் மனதிலிருந்து அடியோடு விலகியது. நகரி எங்கே வேண்டுமானாலும் போகட்டும். திருத்தணி எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். இந்த மடவை இந்தத் தட்டில் இருந்தால் போதும். மறுபடி இட்லி கேட்டார், மறுபடி குழம்பு கேட்டார். எத்தனை இட்லி என்ற கணக்கைச் செல்லியம்மாவிடமே விட்டுவிட்டார்.

முடித்து, வாய் கொப்பளித்து, நாமம் போட உட்கார்ந்தார். கண்ணாடி இல்லை. தண்ணீர்ப் பானைக்குள் குனிந்து பார்த்து இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். பானைத் தண்ணீர் ஆடியதில் புருவத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. தெரிந்த வரைக்கும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அலமேலு சத்திரத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா துன்னீங்க?"

"இட்லி."

"தொட்டுக்க?"

"கொழம்பு."

இரண்டிலும் பொய் இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. அலமேலு அவர் நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முட்டியைப் பார்த்தாள்.

"வலி எப்பிடி கீது?"

"இன்னிக்கு எவ்வளவோ தேவல."

அவள் எழுந்து உள்ளே போய், மூட்டையைப் பிரித்து எதையோ தேடினாள்.

அதற்குப் பிறகு வந்த காலைகளில் சங்கரா, வாளை, ஒரு நாள் இறால்கூட வந்தது. மீன் ஏற ஏற வலி இறங்கியது. ஊர் திரும்பும் நாளில், கிளம்பிவிட்ட பஸ்ஸை மூட்டையோடு ஓடிப்போய் நிறுத்தினார். அலமேலு பின்னால் நிதானமாக நடந்து வந்து ஏறினாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முன்தினம், அவள் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே காணிக்கைக் காசு இருந்தது.

"கடலாண்ட, வலி தேவலன்னு சொன்னீங்களே, அன்னிக்கு முடிஞ்சு வெச்சது. உங்க முட்டி சரியாச்சுன்னா, நீங்க அலிபிரியிலேர்ந்து நடந்தே மலையேறி முடி குடுக்கறதா வேண்டிக்கினேன்."

கோவர்த்தனன் தலையைத் தடவிப் பார்த்தார். அந்த வயதிலும் நரை குறைவான அடர்த்தியான முடி. ஊரில் அதற்கு ஒரு பேர் உண்டு.

"வேண்டிக்கினது நீ. முடி என்னுதா?"

"முட்டி உங்களுதுதானே."

சட்டென்று அவர் முட்டியில் லேசாக வலி திரும்பியது. கையை வைத்து அமுக்கிக் காட்டினார். அலமேலு முகத்தில் கவலை படர்ந்தது. சரியாகிப்போன வலி திரும்பி வருகிறதென்றால் கடற்கரையில் ஏதோ குற்றம் நடந்திருக்கிறது என்றாள். கெங்கம்மா கோயிலில் சாமியாடும் துலுக்காணத்தைக் கூட்டி வந்து குறி கேட்கலாம், தினமும் காலையில் அங்கே என்ன நடந்தது என்று அவர் ஊர் முன்னால் புட்டுப்புட்டு வைத்துவிடுவார் என்றாள். கோவர்த்தனன் கையை எடுத்தார். வலி போய்விட்டது.

மலையேறினார்கள். பாதிப் படியில் அவருக்கு இரண்டு முட்டியும் சேர்ந்து வலிக்க ஆரம்பித்தது. இந்த முறை நிஜ வலி. கால் மாறவில்லை. யாரிடம் சொல்வது? கோவிந்தா கோவிந்தா என்று பெருமாளிடம் மட்டும் சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே, "தல வஞ்சண்டி ஸ்வாமி" என்று தலையைக் குனியச் சொல்லி நாவிதர் தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேர்போன முடி மடியில் கிடந்தது.

குளித்து வந்ததும் அலமேலு அந்த மொட்டைத் தலையில் சந்தனம் பூசினாள். எதிரில் உட்காரவைத்து நாமம் போட்டாள். விரல் மூக்குத் தண்டில் வந்து நின்றது.

"பாதம் வெக்கிறேன், ஆடாதீங்க. கடலாண்ட தெனமும் காலைல தென்கலையா போனீங்க, பாதமில்லாம வடகலையா திரும்பி வந்தீங்க. நாமத்தக் கழுவிட்டுத் துன்ற பலகாரம் இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

கோவர்த்தனன் ஆடவில்லை. ஆடுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"மொத நாளே தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா மறுநாள் போயிருக்க மாட்டீங்க. நாலு வருசத்துல அன்னிக்குத்தான் மனுசன் வாய் நெறைய சிரிச்சிக்கினு வந்தீங்க. அதக் கெடுப்பானேன்?"

மலைக்காற்று மொட்டைத் தலையில் சிலுசிலுவென்று பட்டது. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன தவம் செய்தோம் என்றுகூடத் தோன்றிற்று. அந்தத் தைரியத்தில், வருகிற ஆவணியிலும் முட்டி லேசாக வலிக்கும்போல இருக்கிறது என்று மெதுவாக ஆரம்பித்தார்.

அலமேலு திருமண் பெட்டியை மூடினாள்.

"வலிக்கட்டுங்க. அதுக்குள்ள முடிய மட்டும் நல்லா வளத்து வெச்சிக்குங்க."