விலைமனுதாரரோடு ஒரே வீட்டில்

திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பிரேமிளாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ புரையேறியது.

'கணேஸ் ஹாட்வெயார், கண்டி மாவட்டம்.'

கட்டுகஸ்தோட்டை பஜாரில் அந்தப் பெயரில் ஒரு கடை இருக்கிறது. அதன் முதலாளி கணேஸ் அவளுடைய கணவன். அன்று காலையில்கூட அவளுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுத்தான் கடை திறக்கப் போயிருந்தான்.

பிரேமிளா கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிரதேச சபையில் சாமான் கொள்முதல் செய்யும் பிரிவில் இருந்தாள். முன்பெல்லாம் எது வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். மூன்று கடையின் விலையும் ஒரே கையெழுத்தில் வந்து சேரும். அதையெல்லாம் ஒழிப்பதற்காகத்தான் அரசாங்கம் பெறுகை முறையைச் சீர்திருத்திக் கணினிக்குள் கொண்டுவந்திருந்தது. விற்கிறவர்கள் பதிவு செய்து, தங்கள் விலையை விலைமனுவாகப் போட வேண்டும். பெயரும் மாவட்டமும் மட்டும் திரையில் தெரியும். முகவரியும் விலையும் குறித்த நாளில் எல்லோர் முன்னாலும்தான் திறக்கும்.

புதிய முறையில் அந்தச் சபை வாங்கப்போகும் முதல் பொருள், தாய்சேய் கிளினிக்குக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி. பழைய தாங்கி வெடித்துப்போய், நர்ஸ்மார் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

கண்டியில் நடந்த பயிற்சியில் விரிவுரையாளர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருந்தார். "விலைமனு திறக்கிற வரைக்கும் விலைமனுதாரரோட எந்தத் தொடர்பும் வச்சுக்கக் கூடாது. டீ குடிக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, ரோட்டுல கண்டா சிரிக்கவும் கூடாது. மீறினா வேலை போயிடும்."

ஒரே கட்டிலில் படுக்கலாமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

திரையில் இரண்டே பெயர்கள் இருந்தன. மற்றது, பெயரிலேயே மடவளை என்று இருந்த ஒரு கடை. பிரேமிளா யோசித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அடித்தது. கணேஸ்தான். பாம்பைத் தொட்டவள்போல் அழைப்பை வெட்டிவிட்டாள்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் அவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"பிரேமி, அந்த டாங்கி விஷயமா ஒண்ணு சொல்லணும்..."

பிரேமிளா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அவன் பின்னாலேயே வந்தான். அவள் மிக்ஸியைப் போட்டாள்.

"ஏய், உள்ள ஒண்ணுமே இல்லாம எதுக்கு அரைக்கிற?"

அவள் இன்னும் வேகமாக அரைத்தாள். அவன் வாய் அசைவது தெரிந்தது. அதையும் பார்க்கக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இது சரிப்பட்டு வராது, அவனாகவே விலகிப்போகும்படி செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கடையில் சின்னத் தாங்கிகள்தான் இருக்கும். பெரியது வைக்க இடமில்லை. மறுநாள் சபையின் செயலாளர் ஹலீமிடம் போனாள்.

"சேர், கிளினிக்குக்கு வர்ற கூட்டத்துக்கு இந்த அளவு பத்தாது. இதப்போல ரெண்டு மடங்கு பெரிசாக் கேப்போம்."

ஹலீம் சாது மனிதர். ஓய்வூதியத்துக்குக் கிட்ட வந்துவிட்டவர். யார் எது கேட்டாலும் அதில் தனக்கு வம்பு வராதா என்று மட்டும் பார்ப்பார்.

"தேவதானே மிஸ்? தாய்மார் வார எடம். மாத்திப் போடுங்க."

மாற்றிப் போட்ட அன்று பின்னேரமே திரையில் ஒரு பெயர் காணாமல் போயிற்று. போனது மடவளைக் கடை. கணேஸ் ஹாட்வெயார் அசையாமல் அங்கேயே நின்றது.

"ஐயோ, மனுசன் எங்கயாவது வாங்கியாவது விக்கப் போறாரு!" என்று பிரேமிளா தலையில் கை வைத்தாள். இரண்டு பேர் இருந்த இடத்தில் இப்போது அவள் புருஷன் மட்டும் தனியாக நின்றான். அதுவும் அவளே அளவை மாற்றிக் கொடுத்தபிறகு! வெளியிலிருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

அன்றைக்கே உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கலகெதரையில் இருக்கும் தங்கை சிந்துஜா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். கணேஸின் இலக்கத்தையும் கைப்பேசியில் அடைத்துவிட்டாள்.

சிந்துஜா பையைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள்.

"அத்தான் குடிக்கிறாரா?"

"இல்ல."

"வேற யாராச்சும்...?"

"சீ! அரசாங்க விஷயம். சொல்ல முடியாது."

சிந்துஜாவுக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவள் நாலு பேருக்குப் போன் செய்தாள். அந்த நாலு பேரும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் கட்டுகஸ்தோட்டை பஜாரில், கணேஸைப் பொலிஸ் தேடுகிறது என்று ஒரு பேச்சும், பெண்சாதி சவூதிக்குப் போகப்போகிறாள் என்று ஒரு பேச்சும் ஓடின. பக்கத்துக் கடைக்காரர்கள் அவனுக்கு ஆறுதல் சொல்ல வரிசையாக வந்தார்கள்.

அடுத்த நாள் காலையில் கணேஸே கலகெதரைக்கு வந்துவிட்டான். பிரேமிளா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே அவன் சிந்துஜாவிடம் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள். அவன் போனபிறகு சிந்துஜா கதவைத் தட்டினாள்.

"அக்கா, அத்தான் ரொம்ப எளைச்சுப் போயிட்டாரு. டாங்கியப் பத்தி என்னமோ சொல்லச் சொன்னாரு. அதாவது..."

"வாய மூடு! நீயும் இப்ப இடைத்தரகராயிட்டியா?"

"என்னவோ போ. ஒனக்கு நல்லது சொன்னா ஏறாது. இந்தா, சோத்துப் பார்சல் குடுத்துட்டுப் போறாரு. அவரே சமைச்சாராம்."

வாழையிலை வாசத்தோடு கோழிக்கறி மணத்தது. பிரேமிளாவுக்கு வாயில் தண்ணீர் ஊறிற்று. பிரிக்கக் கையை வைத்தவள் திடுக்கிட்டாள். விலைமனுதாரரிடமிருந்து அன்பளிப்பு! பயிற்சியில் இதற்கென்றே தனியாக ஒரு மணித்தியாலம் எடுத்திருந்தார்கள். அன்பளிப்பு வந்தால் உடனே மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஹலீம் மேசைமேல் இருந்த பார்சலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மிஸ் இது?"

"லஞ்சம், சேர்."

"சோறு மாதிரி ஈக்கி?"

"சோறுதான் சேர். விலைமனுதாரர் குடுத்தாரு."

"யாரு அந்த ஆளு?"

பிரேமிளா தலையைக் குனிந்துகொண்டாள். "என் வீட்டுக்காரர், சேர்."

ஹலீம் கதிரையில் பின்னால் சாய்ந்தார்.

"யா அல்லாஹ்! ஒங்கட புருஷன் மட்டும்தான் விலை போட்டீக்கிறாரு. அளவ மாத்தச் சொன்னது நீங்க. கையெழுத்து வெச்சது நான். எனக்குப் பென்சன் கெடைக்குமா?"

"அவர விலகவைக்கத்தான் சேர் மாத்தினேன்!"

"அத கொழும்புல சொன்னா நம்புவாங்களா?"

மறைத்தால் இன்னும் பெரிய வம்பு என்று ஹலீமுக்குப் பட்டது. அவரே கொழும்புக்கு அறிவித்தார். விலைமனு திறக்கும் நாளில் மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வருவார் என்று பதில் வந்தது. சோற்றுப் பார்சலைப் பொலித்தீன் பையில் கட்டி, 'சான்று, தொடக் கூடாது' என்று எழுதி அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பிறகு அந்தப் பக்கம் யாரும் தயிர்கூட வைக்கவில்லை.

திறக்கும் நாள் வந்தது. சபை மண்டபத்தில் இருந்த கதிரைகளைவிட ஆட்கள் அதிகம். பஜாரில் ஓடிய பேச்சைக் கேட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பாதி. மேடையில் கொழும்பு அதிகாரி றமீலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வந்ததும் முதலில் அவர் கேட்டது, "அந்த அன்பளிப்பு எங்க?" என்றுதான்.

ஹலீம் மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். இடையில் ஒரு முழு நாள் மின்சாரம் இல்லாமல் போயிருந்தது.

"தெறக்க வேணாம், தெறக்க வேணாம்!" என்றார் றமீலா பின்வாங்கி. "சான்று பாத்தாச்சு. கொண்டுபோய்ப் புதைங்க."

மண்டபம் சிரித்தது. பிரேமிளாவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கடைசி வரிசையில் கணேஸ் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கண்டாள். சவரம் செய்யாத முகம். அவளைப் பார்த்ததும் பாதி எழுந்து கையை ஆட்டினான். மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். வேலை போய்விட்டது, இனி என்ன, கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"தெறங்க," என்றார் றமீலா.

பிரேமிளா பொத்தானை அழுத்தினாள். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. கடையின் பெயர் வந்தது. விலை வந்தது. சபை மதிப்பிட்டிருந்ததைவிடக் குறைவான விலை. அதற்குக் கீழே முகவரி வந்தது.

'நாவலப்பிட்டி வீதி, கம்பளை.'

பிரேமிளா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் படித்தாள். கம்பளைதான்.

"விலைமனு போட்டவர் வந்திருக்கீங்களா?" என்று றமீலா கேட்டார்.

முன்வரிசையிலிருந்து வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு தடித்த மனிதர் எழுந்தார்.

"நான்தாங்க மெடம். கம்பளை கணேஸ் ஹாட்வெயார். பெரிய டாங்கி எல்லாம் எங்ககிட்ட எப்பவும் இருக்கும்."

கடைசி வரிசையில் இருந்த கணேஸ் எழுந்திருக்கவே இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஹலீம் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவருடைய தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

றமீலா பிரேமிளாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் கடுமை போய்விட்டிருந்தது.

"அப்ப ஒங்கட ஹஸ்பன்ட் இதுல இல்லவே இல்லியே. ஒரு பிழையும் நடக்கல்ல. இனிமே இப்பிடி ஒரு சந்தேகம் வந்தா, சொந்தக்காரர்னு அறிவிச்சிட்டு வேற ஒருத்தர்ட்ட வேலையக் குடுங்க. வீட்ட விட்டுப் போகத் தேவல்ல."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. இந்த முறை பிரேமிளாவும் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வருமளவுக்கு. கிளினிக்குக்கு இரண்டு மடங்கு பெரிய தாங்கி மலிவாகக் கிடைக்கப்போகிறது. வேலை இருக்கிறது. ஹலீம் சேரின் பென்சனும் இருக்கிறது. கூட்டம் கலையத் தொடங்கியதும் கணேஸ் குடையோடு முன்னால் வந்தான். கிட்டத்தில் பார்க்க உண்மையாகவே இளைத்துத்தான் போயிருந்தான்.

நிம்மதியில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஏங்க, நீங்க போடவே இல்லைன்னா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் இங்க செத்துப் பொழைச்சிருக்கேன்!"

கணேஸ் வாயைத் திறந்தான். அதற்குள் கம்பளைக்காரர் நடுவில் வந்து அவன் தோளில் கையைப் போட்டார்.

"நல்லாக் கேட்டீங்க மிஸ்! 'என் சம்சாரம் அங்க வேலை செய்ற வரைக்கும் அந்த ஒப்பிசுக்கு நான் ஒரு ஆணி கூட விக்க மாட்டேன், நீங்க போடுங்க'ன்னு மொத நாளே என்னைப் போட வச்சதே இவருதான். அத உங்ககிட்ட சொல்லத்தான் மனுசன் சோத்தக் கட்டிக்கிட்டு கலகெதரைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் பஸ்ல அலைஞ்சாரு!"