படத்திலிருக்கும் வாளை ஒப்படைக்கும் முறை

அல்ஜியர்ஸில் உள்ளூர்க்காரர் எவரும் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்பது பிரெஞ்சு அரசின் உத்தரவு. எங்கள் தெரு அதற்கு அவ்வளவு கட்டுப்பட்டது. வெங்காயம் நறுக்கும்போதுகூட வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

அப்படியிருக்க, பாரிஸிலிருந்து லவெர்தான் என்ற ஓவியர் வந்தார். வாளேந்திய வீரன் வேண்டுமாம். வீரனுக்கு எங்கள் நாவிதன் அரெஸ்கி அகப்பட்டான். வாள்தான் இல்லை. ஆயுத அலுவலகத்தில், அதிகாரி முசியே பெல்லூவின் நாற்காலிக்குப் பின்னால், எப்போதோ பறித்த வாளொன்று அழகுக்குத் தொங்கியது. ஓவியர் அதை இரவல் வாங்கி வந்தார். கனம் தாங்காமல் அரெஸ்கி இரண்டு கையாலும் பிடித்தான். எதிர்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான்.

'பழிவாங்கப் புறப்பட்ட தலைவன்' என்ற பெயரில் படம் பாரிஸில் பதக்கம் வாங்கியது. வாளின் வளைவு கிழக்கின் வஞ்சகத்தையும், சுருங்கிய கண் தீராத பகையையும் குறிப்பதாக அறிஞர்கள் எழுதினார்கள். அதைப் படித்த அமைச்சகம், மேற்படி ஆயுதத்தை உடனே கைப்பற்றச் சொல்லி எழுதியது.

பெல்லூ அரெஸ்கியை அழைத்தார். அன்று காலைதான் அவன் சவரக்கத்திக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு தூங்கியவர்.

"வாள் எங்கே?"

"உங்க முதுகுக்குப் பின்னாலதான் தொங்குது, முசியே."

"இது ஏற்கெனவே ஒப்படைச்ச வாள். நான் கேக்கறது படத்துல இருக்கற வாளை."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்படின்னு எழுதினா அமைச்சகம் என்னை என்ன நினைக்கும்? அது வர்ற வரைக்கும் உன் சவரக்கத்தி இங்கேயே இருக்கட்டும்."

கத்தியில்லாத நாவிதன் மூன்று வாரம் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு குஸ்குஸ் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தான். கடைசியில் பெல்லூவே வழி சொன்னார்.

"சுவர்லேர்ந்து எடு. வெளியே போ. கதவைத் தட்டிட்டு வந்து ஒப்படை."

ஒப்படைத்தான். ரசீதும் எழுதியாயிற்று: 'அரெஸ்கியிடமிருந்து வாள் ஒன்று.'

"என் கத்தி, முசியே?"

ரசீதைப் படித்த பெல்லூவின் முகம் மாறியது. "வாள் வச்சிருந்தவன் கையில சவரக்கத்தியா? நல்லாருக்கே!"

கத்தி அலமாரிக்குள் போனது. தெருவே தாடி வளர்த்தது. பெல்லூவும்தான், வேறு நாவிதனிடம் கழுத்தைக் கொடுக்க அவருக்குப் பயம்.

மறுவருடம் வாள் கேட்டு வந்த லவெர்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். "அசையாதீங்க! இந்தக் கொலைகார முகத்தைத்தான் தேடிட்டிருந்தேன்!"

பெல்லூவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். படம் பாரிஸ் போனது. பதக்கம். பின்னாலேயே கடிதம்: மேற்படி தாடிக்காரனின் ஆயுதத்தைக் கைப்பற்றவும்.

பெல்லூ அலமாரிச் சாவியோடு ஓடிவந்தார். "அரெஸ்கி, சீக்கிரம் இந்தத் தாடியை எடுப்பா!"

அரெஸ்கிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வாள் வச்சிருந்தவர் கையில ஆயுத அலமாரிச் சாவியா, முசியே? நல்லாருக்கே!"

பெல்லூ வெகுநேரம் யோசித்தார். நேர்மையான அதிகாரி. சாவியை உறையில் போட்டு, முத்திரை வைத்து, அமைச்சகத்துக்கே அனுப்பிவிட்டார்.

அரெஸ்கி தன் வாயிலேயே அடித்துக்கொண்டான். எங்கள் தாடிகள் நெஞ்சுக்கு வந்துவிட்டன. ஓவியர்கள் இப்போது கப்பல் கப்பலாக வருகிறார்கள். இத்தனை கொடூரமான முகங்களை ஒரே தெருவில் அவர்கள் எங்குமே பார்த்ததில்லையாம்.