மாப்பிள்ளைக் கோட்டு நீலமான விவரம்

அன்பும் அதைவிட அதிகமாகத் தைரியமும் உள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. தைரியத்தை முதல் வரியிலேயே போட்டதற்குக் காரணம் இருக்கிறது, போகப்போகப் புரியும். இங்கே நான், உன் அத்தை, கூடத்து மின்விசிறி, எல்லோரும் எல்லாமும் சுகம், ஒரே ஒரு உருப்படியைத் தவிர. அந்த உருப்படி, நீ என்னை நம்பித் தையல்காரரிடமிருந்து வாங்கி வைக்கச் சொன்ன உன் கல்யாணக் கோட்டு. பதறாதே. உட்கார்ந்து படி. பக்கத்தில் உன் அம்மா இருந்தால் "ஆபீஸ் கடிதம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய்விடு. போனில் சொல்லியிருக்கலாம்தான். நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் அக்காதான் எடுத்தாள், நாலு தடவையும் "காய்ச்சல் இப்போ பரவாயில்லையா அக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவளுக்குக் காய்ச்சலே வரவில்லையாம். நாலாவது தடவை, "உனக்குத்தான்டா ஏதோ வந்திருக்கு" என்றாள்.

கோட்டு போன வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. தையல்காரர் அதைப் பிரித்துக் காட்டியபோது கடையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் அத்தனையும் அப்படியே நின்றுவிட்டன. கரண்ட் போனதால் நின்றது என்று உன் அத்தை சொல்வாள், அவளை விடு. அப்படி ஒரு வெள்ளை. இப்போது நீ கேட்பாய், உறையோடு அலமாரியில் மாட்டாமல் எதற்கு மாமா அதைப் போட்டுக்கொண்டீர்கள் என்று. நியாயமான கேள்வி. புதுக் கோட்டு என்பது ஒரு மனுஷன் உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் இருந்தால்தான் தோள்பட்டை சரியாக உட்காரும். பெரிய பெரிய தேசத்துத் தையல்காரர்கள் எல்லாம் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் இயக்கியவன் நான், கோட்டு போட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேரை மேலே கொண்டுபோய் விட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? நான் எட்டாவது வரைக்கும் உள்ளே உட்கார்ந்தும், ஒன்பதாவதை ஜன்னலுக்கு வெளியே நின்றும் படித்தவன். தவிர உனக்கும் எனக்கும் ஒரே தோள். வயிற்று விஷயத்தில் மட்டும்தான் கொஞ்சம் அபிப்பிராய பேதம்.

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டுப் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு விருந்து வைத்தார், புதுக் கிளினிக் திறந்ததற்காக. நான் வராமல் கேக்கில் கத்தி வைக்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, தோளும் உட்கார்ந்த மாதிரி ஆகும், மனுஷனும் இரண்டு காலில் நிற்பார் என்று உன் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே யார் யார் என்கிறாய்? இரண்டு நீதிபதிகள், ஒரு கப்பல் கேப்டன், இன்னும் எத்தனையோ பேர். நான் உள்ளே நுழைந்ததும் கூடம் அமைதியாகிவிட்டது. டாக்டர் வீட்டம்மா சிவப்பு ஒயினை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி நீட்டினார்கள். வாங்கவில்லை என்றால் மரியாதையாக இருக்காது, அதனால் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, சத்தியம். அப்புறம் பேச்சு கப்பல் பக்கம் போயிற்று. புயலில் கப்பலை எப்படித் திருப்ப வேண்டும் என்று கேப்டனுக்கு எடுத்துச் சொல்லும்போது கையால் கொஞ்சம் திருப்பிக் காட்ட வேண்டியதாகிவிட்டது. கப்பல் திரும்பியது. தம்ளரும் திரும்பியது. இடது பாக்கெட்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தை அந்த விருந்துக்கு வரவே இல்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒயினுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, வாசனைகூடத் தெரியாது. அது உனக்கே தெரியும்.

நான் பாய்ந்து கீழே இறங்கி வந்தேன். "தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க!" என்று உன் அத்தை கத்தினாள். நான் தேய்த்தேன். உள்ளங்கை அகலம் இரண்டு உள்ளங்கை ஆயிற்று. உப்பு போட்டால் உறிஞ்சிவிடும் என்று எங்கோ கேட்ட ஞாபகம், ஜாடியோடு கவிழ்த்தேன். உப்பு அழகாகச் சிவந்தது, கோட்டு அப்படியே இருந்தது. அப்புறம்தான் துணி சோப்பை எடுத்தேன். மருமகனே, இதைக் கவனமாகப் படி. சோப்பு பட்ட உடனே அந்தச் சிவப்பு, கண்ணுக்கு எதிரிலேயே, நீலமாகிவிட்டது.

"என்னங்க இது, நீலமாயிடுச்சு!" என்றாள் உன் அத்தை.

"சிவப்பு போயிடுச்சு இல்ல? பாதி வேலை முடிஞ்சுது."

"எங்க முடிஞ்சுது? இப்போ பாக்கெட்ல பேனா வெடிச்ச மாதிரி இருக்கு."

பேனா மைக்கு எலுமிச்சம்பழம்தானே? பிழிந்தேன். நீலம் போய் மறுபடியும் சிவப்பு வந்தது. பழைய சிவப்புகூட இல்லை, ஒரு மாதிரி வெட்கப்பட்ட சிவப்பு. திரும்பவும் சோப்பு, நீலம். திரும்பவும் எலுமிச்சை, சிவப்பு. ஏழு தடவை செய்து பார்த்தேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. உலகத்தில் இதற்கு முன்னால் யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விஞ்ஞானிகளுக்கு எழுதிப் போடலாமா என்று கேட்டதற்கு உன் அத்தை, "முதல்ல பையனுக்கு எழுதுங்க" என்றாள். எழுதவில்லை. அதற்குப் பதிலாக, ஈரத்தில் கறை எவ்வளவு மிச்சம் என்று சரியாகத் தெரியவில்லையே என்று அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி ஒரே அழுத்தாக அழுத்தினேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான், மற்றதெல்லாம் முயற்சி. சூடு பட்டதும் கறை சர்ட்டிபிகேட்டில் முத்திரை விழுந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் சலவைக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கோட்டைப் பலகையில் விரித்து, கண்ணாடியை ஏற்றி, மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதுல என்னென்ன போட்டீங்க?"

"ஒயின்."

"அது சரிங்க. அதுக்கப்புறம்?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஒயின் கறையை எடுத்துடலாம்ங்க. நீங்க எடுத்தீங்க பாருங்க, அதை எடுக்கறதுதான் கஷ்டம்" என்றார். என்னைப்போல் துணி அறிவுள்ள வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார், கொஞ்சம் வேறு வார்த்தைகளில். இருந்தாலும் கெட்டிக்காரர். ஹைட்ரஜன் பெராக்சைடு என்று ஒரு மருந்து, அதோடு பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு, முதலில் உள்மடிப்பில் ஓர் ஓரத்தில் வைத்துப் பார்த்து, துணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் கறையில் வைத்தார். தேய்க்கவே இல்லை. வைப்பதும் ஒத்துவதுமாக முழுசாக ஒரு நாள். இரண்டு உள்ளங்கை ஒரு பொத்தான் அளவுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. "இதுக்கு மேல கை வெச்சா துணி போயிடும்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து நேரே தையல்காரரிடம். அவர், "அந்த இடத்துல ஒரு பாக்கெட் வெச்சிடலாம்" என்றார்.

"அங்கதான் ஏற்கனவே ஒண்ணு இருக்கே."

"அதுக்குக் கீழ இன்னொண்ணு."

"மாப்பிள்ளைக்கு எதுக்குய்யா அடுக்கடுக்கா பாக்கெட்?"

"கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாம நிப்பாருங்க. நான் நின்னேன்."

வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது கோட்டு என் எதிரில் மாட்டியிருக்கிறது. நான் அதைப் பார்க்காதபோது அது என்னைப் பார்க்கிறது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, இறங்கினாலும் தங்கவில்லை.

கோட்டுக்காக மட்டும் இந்தப் பயம் என்று நினைக்காதே. ரிஜிஸ்டர் ஆபீசில் உன் அப்பா உயிரோடு இருந்தால் போடவேண்டிய சாட்சிக் கையெழுத்தை, "நீங்கதான் போடணும் மாமா" என்று நீ கேட்டாய். அக்கா அப்போதே சொன்னாள், "அவனா? அவன் கையில ஒரு தம்ளர் தண்ணி குடுத்தாலே பாதிதான் வந்து சேரும்." நீ தலையைக்கூடத் திருப்பவில்லை. "மாமாதான்" என்றாய். என் வாழ்க்கையில், வேண்டாம் என்று இன்னொருத்தர் சொன்ன பிறகும் என்னைத்தான் என்று ஒருத்தர் அழுத்திச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து கையெழுத்துப் போட்டுப் பழகுகிறேன், இரண்டு நோட்டு முடிந்துவிட்டது, இப்போது கவர்னர் கையெழுத்து மாதிரி விழுகிறது. அதனால், கோட்டைக் கெடுத்தவனுக்குக் கையெழுத்து எதற்கு என்று நீ வேறு ஆளைச் சொல்வதானால், தயவுசெய்து முன்கூட்டியே எழுதிவிடு. நான் அங்கே பேனாவைத் திறந்துகொண்டு நிற்கும்போது சொல்லாதே. திட்டுவதானால் நன்றாகத் திட்டு. என்னை மட்டும் திட்டு. அத்தையோடு முகம் கொடுத்துப் பேசு. அவள் மூன்று நாளாகக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள், எதற்கென்று எனக்குத் தெரியாது, தூசியாக இருக்கும்.

உனக்கும் வரப்போகிற பெண்ணுக்கும், மேலே எதுவும் கொட்டாமலும், கொட்டினாலும் பதறித் தேய்த்துவிடாமலும், நூறு வருஷம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் மாமா

பின்குறிப்பு: இனிமேல் எழுதுவது உன் அத்தை. கடிதத்தை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன், எப்போதும் படிப்பேன். இதில் சோப்பும் எலுமிச்சையும் சலவைக்கடையும் தையல்காரரும் நிஜம். மற்றதெல்லாம் மாமா. அவர் அந்த விருந்துக்குப் போகவே இல்லை, முழங்கால் வலி என்று படுத்திருந்தார். நீதிபதி, கேப்டன் என்று யாரும் வரவில்லை, டாக்டரின் இரண்டு மச்சான்களும் மீட்டர் பார்க்க வருகிறவரும்தான் இருந்தார்கள். போனவள் நான். டாக்டர் வீட்டம்மா கொடுத்த தம்ளரை ஜூஸ் என்று நினைத்து வாங்கினேன் என்று உன்னிடம் சொல்லலாம். நினைக்கவில்லை. தெரிந்துதான் வாங்கினேன். அங்கே குடிக்கக் கூச்சமாக இருந்தது, கையால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பாதி குடித்ததும் உன் கோட்டைப் போட்டுக்கொண்டு, நீ எப்படி நடந்து வருவாய் என்று கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தேன். நன்றாகத்தான் நடந்தேன். திரும்பும்போதுதான் கொட்டிவிட்டது. "தேய்க்காதே, ஒத்தி எடு" என்று கத்தியவர் அவர். தேய்த்தவள் நான், அயர்ன் போட்டவளும் நான். போன வருஷம் நீ குடித்த ஒரு தம்ளர் பீருக்காக உன்னோடு நாலு மாதம் பேசாமல் இருந்தவள் எப்படி இதை உன்னிடம் சொல்வேன் என்று அழுதேன். அவர் என்னையும் பார்த்தார், கோட்டையும் பார்த்தார், "நான் கொட்டினேன்னு எழுதிடறேன், என்னைன்னா எல்லாரும் உடனே நம்பிடுவாங்க" என்றார். நம்பாதே. திட்டுவதை எனக்கு எழுது, கையெழுத்தை அவருக்கே விடு. கறை சட்டைப் பொத்தான் அளவுக்கு இன்னும் இருக்கிறது. போட்டோ எடுக்கும்போதெல்லாம் உன் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நின்று தானே மறைத்துவிடுவதாகச் சொல்கிறார். பெண் எங்கே நிற்பாள் என்று கேட்டேன். அதை இன்னும் யோசிக்கவில்லையாம்.