முனி குடித்த ரேடியேட்டர் தண்ணீர்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் சாலையில், பத்து தீகா என்கிற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேடு இருக்கிறது. 1934-ஆம் வருஷத்தில் அந்த மேட்டுக்கு இருந்த கியாதி கோலாலம்பூர் மணிக்கூண்டுக்குக்கூட இருந்ததில்லை. பழைய கார் எதுவானாலும் பாதி மேட்டில் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிடும். நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் முனி. முனிக்குப் பக்கத்தில், முனியைவிடக் கொழுத்திருந்த நாகையா சாமியார்.

முனிக்குத் தாகமாம். மாட்டு வண்டிக் காலத்திலிருந்தே தாகமாம். மாட்டு வண்டியில் குடிக்க ஒன்றும் இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததாம். கார் வந்ததும் ரேடியேட்டரில் வாயை வைத்துவிட்டதாம். இதைச் சாமியார் சொன்னார், சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமையானால் கிள்ளான் பக்கத்து மேருவிலிருந்து லோரி போட்டுக்கொண்டு வந்தது கூட்டம். கார் இல்லாதவர்களும் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். நாளைக்கே ஒரு கார் வாங்கிவிட்டால்? முன்யோசனை வேண்டாமா?

பரிகாரம் ரொம்பச் சுத்தமானது. நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், சாம்பிராணி. பிறகு ஒரு செம்பு தீர்த்தம்: பாலும் மஞ்சளும் விபூதியும் கரைத்து வேப்பிலை போட்டது. அதை ரேடியேட்டருக்குள் ஊற்ற வேண்டும். பிறகு முனி மனம் இரங்குகிறவரைக்கும் முக்கால் மணி நேரம் கைகட்டி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு காரை முடுக்கினால் சமர்த்தாக மேடேறிப் போய்விடும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் உங்களுக்கு?

அப்படித்தான் கேட்டார் தம்புசாமி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறவர். அந்தக் கார் ஒன்றுதான் அவருடைய சோறு. இன்னொரு பதவியும் அவருக்கு உண்டு. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் அறிவு வளர்ச்சி வாசகசாலையின் செயலாளர் அவர். ஞாயிற்றுக்கிழமை மாலை நாற்காலியில் ஏறி நின்று, பேய் பிசாசு எல்லாம் வெறும் புரளி என்று முழங்குவார். திங்கட்கிழமை காலை வீட்டில் அதே மாதிரி ஒரு நாற்காலியில் ஏறி, கார் முகப்பில் கட்டுவதற்கு ஆணியில் தொங்குகிற எலுமிச்சம்பழ மாலையை எடுப்பார்.

அதில் அவருக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை. பேய் இல்லை என்பது கொள்கை. கார் நிற்கிறது என்பது அனுபவம். கொள்கையை வைத்துக்கொண்டு மேடு ஏற முடியுமா? இப்படித் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு நாலு மாதம் தீர்த்தம் ஊற்றினார். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை நின்ற கார், பிறகு இரண்டு தடவை நின்றது, பிறகு தினமும் நின்றது. பக்தி போதவில்லை என்று விபூதியை இரட்டிப்பாக்கினார் சாமியார். செயலாளரும் தலையை ஆட்டினார்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாமியாருக்கு அருள் வந்தது. முனி இனித் தண்ணீரோடு விடாதாம், காரையே கேட்கிறதாம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் காரைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகாவிட்டால், மேட்டிலேயே ரத்தக் காவு வாங்குமாம். போன மாதம் வாசு என்கிற டிரைவரும் இப்படித்தான் காரை விட்டுவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தான். இப்போது அவன் செந்தூலில் கரி மூட்டை தூக்குகிறான். உயிர் பிழைத்தானே, அதைப் பார்க்க வேண்டாமா என்றார் சாமியார்.

தம்புசாமி வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்தார். மனைவி பவுனம்மாள் இட்லி அவித்து விற்கிறவள். அவளுக்கு வாசகசாலையும் கிடையாது, சொற்பொழிவும் கிடையாது. விஷயத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கறந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சோற்றுக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டாள். உயிர் முக்கியமில்லையா என்றார் அவர். அவள் சோற்றை எடுத்து மூடி வைத்தாள். நாளைக்குத் தானும் காரில் வருவதாகச் சொன்னாள்.

புதன்கிழமை. மேடு வந்தது, கார் வழக்கப்படி சீறி நின்றது. சாமியார் எழுந்து வருவதற்குள் பவுனம்மாள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். இன்றைக்குப் பூசை வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். தம்புசாமி கொட்டகையைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். சாமியார் தூரத்திலிருந்து முறைத்தார். கொட்டகைக்குப் பின்னால் கீற்று மறைவில் தங்கள் வண்டி ரகத்திலேயே ஒரு கார் நிற்பதைப் பவுனம்மாள் கவனித்தாள். முக்கால் மணி ஆனதும் பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றச் சொன்னாள், முடுக்கச் சொன்னாள். எலுமிச்சம்பழம் இல்லை, தேங்காய் இல்லை, மந்திரம் இல்லை. கார் கிளம்பி மேடேறியது.

செயலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "உன்னைப் பார்த்து முனி பயந்திருக்கும், பவுனு."

"பயப்படட்டும். அடுப்பை அணைச்சா இட்லிப் பானையிலேயும் கொதி அடங்குது. அங்கே எந்த முனி இருக்குங்க? வண்டி கொதிச்சுது, முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம், ஓடுது. அது ஏன் கொதிக்குதுன்னு நாலு மாசத்திலே ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?"

திறந்து பார்க்கவில்லை. அதுதான் வெட்கக்கேடு. பதினோரு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷர், மூடியைத் திறந்து தீர்த்தம் ஊற்றினாரே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே வேலை ஆரம்பமாயிற்று. ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் வடிகுழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் கஞ்சி வந்தது. மஞ்சள் கஞ்சி. நாலு மாத விபூதியும் திரிந்த பாலும் சேர்ந்து, ஒரு வேப்பிலையும் முழுசாக வந்தது. நாற்றம் எதிர்வீடு வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்றார். பிரசாதம் என்றாள் பவுனம்மாள்.

அடுத்து, ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கீழ் ரப்பர் குழாய். வெளியே பார்த்தால் கறுகறுவென்று நன்றாகத்தான் இருந்தது. பவுனம்மாள் கையில் எடுத்து அழுத்தினாள். பழைய துணி போலத் துவண்டது. எஞ்சினில் இருக்கிற பம்பு இதன் வழியாகத்தானே தண்ணீரை உறிஞ்சுகிறது என்று கேட்டாள். ஆமாம் என்றார். அப்படியானால் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் மூடி, மறுபக்கம் வாயை வைத்து உறிஞ்சிப் பாருங்கள் என்றாள்.

அறிவு வளர்ச்சி வாசகசாலையின் செயலாளர் நடுவாசலில் குந்தி, ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சினார். குழாய் சப்பென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே வழியே அடைபட்டது. வாயை எடுத்ததும் மறுபடி விரிந்துகொண்டது. நாக்கில் விபூதி கரித்தது.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேட்டில் எஞ்சினை விரட்டினால் பம்பு பலமாக உறிஞ்சும். பலமாக உறிஞ்சினால் மக்கிப்போன குழாய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஓட்டம் நிற்கும், கார் கொதிக்கும். எஞ்சினை நிறுத்தினால் குழாய் விரியும். ரேடியேட்டர் அடைக்க அடைக்க உறிஞ்சல் இன்னும் கூடும். ஆக, வியாதிக்கு மருந்து என்று வியாதியையே செம்பு செம்பாக ஊற்றியிருக்கிறார். அதுவும் கையெடுத்துக் கும்பிட்டு. தன் செவிட்டிலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது அவருக்கு.

பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் கார்ச் சாமான் கடைக்குப் போய் இரண்டு புதுக் குழாயும் ஒரு காற்றாடிப் பட்டையும் வாங்கி வந்தார். சலவைச் சோடாவைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற வைத்து, தெருக்குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சினார்கள். மஞ்சள் வந்தது, பழுப்பு வந்தது, கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. புதுக் குழாய் ஏறாமல் அடம்பிடித்தபோது, சோப்புத் தண்ணீர் தடவினால் ஏறும் என்று கை வளையலைக் காட்டிச் சொன்னாள் பவுனம்மாள். ஏறியது. இறுக்கினார். தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் அப்படியே கால் வழியாக ஓடியது. முனிதானோ என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார். வடிகுழாயை மூட மறந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மேட்டில் தேர்க்கூட்டம். முனிக்குக் கார் வருகிறது என்றால் சும்மாவா? சாமியார் மாலையோடு நின்றார். கரி மூட்டை வேலையை விட்டுவிட்டு வாசுவும் வந்திருந்தான். தம்புசாமியின் கார் வந்தது, மேட்டில் ஏறியது, நிற்காமல் போயே போய்விட்டது. மேலே திரும்பி இறங்கி வந்தது, மறுபடி ஏறியது. மூன்று தடவை. ஒரு சொட்டு ஆவி இல்லை.

இத்தோடு சாமியார் குட்டு உடைந்தது என்று நினைப்பீர்கள். அங்கேதான் நாம் ஏமாளிகள். சாமியார் இரண்டு கையையும் தூக்கி, முனி மன்னித்துவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் விழுந்து கும்பிட்டது. மூன்று பேர் தம்புசாமியின் காலில் விழுந்தார்கள். தேங்காய்கள் உடைந்தன. நேற்று முழுக்கக் கரியும் சோப்பும் பட்டுக் கை வெந்த மனுஷருக்கு அழுகையே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீரருக்கு வெள்ளிக்கிழமை நாக்கு ஒட்டிக்கொண்டது.

பவுனம்மாள் காரிலிருந்து இறங்கினாள். கையில் அந்தப் பழைய ரப்பர் குழாய்.

"சாமி, முனி மன்னிச்சது ரொம்பச் சந்தோஷம். உங்க காரும் எங்க வண்டி ரகம்தானே. இந்தப் பழைய குழாயை அதிலே மாட்டி, நீங்களே மேடேறிக் காட்டுங்க. முனி உங்க பக்கத்திலேயே இருக்காரே, பயம் என்ன?"

சாமியார் இன்றைக்கு நாள் சரியில்லை என்றார். ஆனால் கூட்டத்துக்கு ஆசை வந்துவிட்டது. சாமி ஏறுங்க, சாமி ஏறுங்க என்று பக்தியோடு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்தி அப்படி, கும்பிட்டாலும் விடாது, தள்ளினாலும் விடாது. கொட்டகைக்குப் பின்னால் கீற்று மறைவில் நின்ற காரைப் பார்த்ததும் வாசு பேசாமல் போய் அதன் கதவைத் தடவினான். அது அவன் கார். முனிக்கு விட்ட கார். தம்புசாமி முன்மூடியைத் தூக்கினார். உள்ளே புத்தம் புதுக் குழாய். ரேடியேட்டரில் கண்ணாடித் தண்ணீர். மஞ்சள் இல்லை, விபூதி இல்லை, சக்கரத்தில் ஒரு எலுமிச்சை விதைகூட இல்லை.

பழைய குழாயை மாட்டி, கொட்டிய தண்ணீரைத் திரும்ப நிரப்பினார். சாமியாரைத் தூக்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தார்கள். கார் கீழே போய், வேகம் பிடித்து ஏறியது. பாதி மேட்டில், கொட்டகைக்கு நேர் எதிரே, புஸ்ஸென்றது. வெந்நீர் பீறிட்டது. சாமியார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். மேருவிலிருந்து வந்த ஒரு பெரியவர் பதறிப்போய், தீர்த்தச் செம்போடு ஓடி வந்து ரேடியேட்டர் மூடியருகே கையைக் கொண்டுபோனார்.

சாமியார் தன்னை மறந்து கத்தினார். "யோவ், அதை ஊத்தாதே! ரேடியேட்டர் அடைச்சுக்கும்!"

பெரியவர் செம்பையும் சாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை நாளாக யார் யார் எத்தனை செம்பு ஊற்றினார்கள் என்று அவரவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள் போலிருக்கிறது. வாசுதான் முதலில் சிரித்தான். கூட்டம் சாமியார் பக்கம் திரும்பியபோது, முனியை முனிக்கே விட்டுவிட்டு அவர் ரப்பர் மரங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தார். அந்த உடம்போடு அவ்வளவு வேகம் ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாசு காரை ஆறவிட்டு, புதுக் குழாயை மாட்டி, ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நிற்க இடமில்லை. சாமியாரை விரட்டிய செயலாளரைப் பார்க்க வந்த கூட்டம். மாலை போட்டார்கள். தம்புசாமி மாலையைக் கழற்றிப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பவுனம்மாளுக்குக் கொடுத்தனுப்பினார். நாற்காலியில் ஏறவில்லை. தரையில் நின்றே பேசினார். நாலு மாதத்தையும் ஒளிக்காமல் சொன்னார், வேப்பிலை உட்பட. சிலர் சிரித்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அன்றைக்குப் பேசியதிலேயே ஒழுங்கான பேச்சு கடைசி நாலு வரிதான்:

"என் சொந்தக் கார். மூடி என் கைக்கு எட்டுற தூரம். நாலு மாசம் உள்ளே பாக்காமலே கும்பிட்டேன். நீங்க எதைத் திறந்து பாக்காம கும்பிட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு, எனக்குக் கை தட்டுறதை விட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்க."