சுடிதார் விஷயமாகச் சம்பந்திக்கு

கும்மிடிப்பூண்டி,
14.5.2008, புதன்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க சம்பந்தி திரு. அப்பாவு அவர்களின் சமூகத்துக்கு, துளசிராமன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் உங்கள் மகன் அன்புராஜும் என் மகள் பூமிகாவும் நலம். நானும், நெற்றியும் இடது முழங்கையும் நீங்கலாக, நலம். அவ்விடத்தில் தாங்களும் சம்பந்தியம்மா பூவம்மாள் அவர்களும் நாற்றங்காலும் கறவை மாடுகளும் வெயிலின் கொடுமையிலிருந்து தப்பி சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று திருவள்ளூர்ப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

செல்போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஊரில் டவர் பாதிப் பேச்சில் போய்விடுகிறது. போன தடவை "பூமிகாவுக்கு உடம்பு" என்பது மட்டும் உங்கள் காதுக்கு வந்து, "நல்லா இருக்கு" என்பது வந்து சேராமல், நீங்கள் டிராக்டரிலேயே கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பியது ஞாபகம் இருக்கும். இப்போது சொல்லப்போவதை முழுதாகக் கேட்டால்தான் எனக்கு மரியாதை மிஞ்சும். ஆகவே நிதானமாகப் படிக்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மருமகள் சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போவதை நம் ஊர் ஆள் ஒருவர் பார்த்துவிட்டு டீக்கடையில் சொல்லிவிட்டார், நாலு பேர் நடுவில் தலை நிமிர முடியவில்லை, ஒன்று சேலை கட்டட்டும், இல்லையென்றால் ஜூன் மாதத்திலிருந்து வேலைக்கே போக வேண்டாம், நீங்கள் ஹெட்மாஸ்டராக இருந்தவர், நீங்களே போய் எடுத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரியான ஆளிடம்தான் பொறுப்பை ஒப்படைத்தீர்கள். முப்பத்துநான்கு வருட சர்வீஸில் என் ஸ்கூலில் ஒரு டீச்சரும் சேலையைத் தவிர வேறு எதையும் உடுத்தி வந்ததில்லை. வரவிட்டதில்லை. அதற்காக நானே ஒரு சுற்றறிக்கை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஃபைலில் வைத்திருந்தவன். எனவே திங்கட்கிழமை காலையிலேயே மணவாள நகரிலிருந்து புறப்பட்டு, ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, எதிர்வெயிலில் வெந்து, தங்கள் கட்டளையை நிறைவேற்றுவதற்காக இங்கே வந்து இறங்கினேன்.

வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் பூமிகாவிடம் விஷயத்தை ஆரம்பித்தேன். ஆசிரியர் என்றால் என்ன, அவர் உடை என்றால் என்ன, மாணவர் மனதில் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "சரி நைனா. நாளிக்கு எங்க கணக்கு சார் லீவு, அவரு தங்கச்சி கல்யாணம். பத்தாங்கிளாஸ் ஸ்பெஷல் கிளாஸ் சும்மா கெடக்குது. நீ வந்து ஒரே ஒரு நாள் எடு. அந்த ஷெட்டுல நின்னு பாத்துட்டு அப்பறமா சேலயப் பத்திப் பேசு" என்றாள். எனக்கு அதில் என்ன கஷ்டம்? வெயில் என்பது மனதில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் வேட்டி சட்டையில் கம்பீரமாகப் போய் நின்றேன். அங்கேதான் சம்பந்தி, முதல் அடி விழுந்தது. வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. அந்த ஸ்கூல் தாளாளருக்கு டை என்றால் உயிராம். கோடை விடுமுறை வகுப்புகளுக்கு மட்டும் பெண்கள் சுடிதார் போடலாம், மேலே வெள்ளைக் கோட்டு கட்டாயம் என்று பெரிய மனது பண்ணியிருக்கிறார். ஆண்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. பேண்ட், முழுக்கைச் சட்டை, ஷூ, டை. இதில் ஒன்று குறைந்தாலும் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. சர்வீஸ் முழுக்க மற்றவர்களுக்கு உடை சொன்னவன் நான். எனக்கு ஒருவர் உடை சொல்லி அன்றுதான் கேட்டேன்.

திரும்பி வீட்டுக்கு வந்தோம். பேண்ட், உங்கள் மகன் ரிசப்ஷனுக்குத் தைத்தது. இடுப்பில் பட்டன் எட்டாததால் ஊக்கு போட்டுச் சமாளித்தேன். ஷூ என்று பார்த்தால் அன்புராஜிடம் இருந்தது கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ ஒன்றுதான். இரும்புத் துண்டு காலில் விழுந்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்று முனையில் இரும்பு வைத்துச் செய்தது. ஒவ்வொன்றும் ஒரு படி அரிசி கனம் இருக்கும். டை அந்த வீட்டிலேயே கிடையாது. கீழ் வீட்டில் சிஃபா என்று ஒரு குழந்தை, யு.கே.ஜி. படிக்கிறது. அதன் டையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள் பூமிகா. சிவப்புக் கோடு போட்டது, கட்ட வேண்டியதில்லை, எலாஸ்டிக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் போதும். என் கழுத்தில் அது இரண்டாவது பட்டனோடு நின்றுவிட்டது. வாட்ச்மேன் உற்றுப் பார்த்தான், டை இருக்கிறதா என்றால் இருக்கிறது, கதவைத் திறந்துவிட்டான். நான் தரையில் டமார் டமார் என்று சத்தம் வர நடந்து பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தேன்.

அந்த வகுப்பைப் பற்றித் தங்களுக்கு விளக்க வேண்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பின்பக்கம் சுவரை ஒட்டி இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்று. பக்கத்து வகுப்பில்தான் பூமிகா பாடம் எடுக்கிறாள், நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஓர் அரைச்சுவர். பதினொன்று பத்துக்குக் கரண்ட் போயிற்று. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். நான் விசிறிக்கொள்ளவில்லை. வெயில் மனதில்தான் இருக்கிறது என்று அவர்களுக்கும் சொன்னேன். முதல் கணக்கு போடும்போது சட்டை நனைந்தது. இரண்டாவது கணக்கில் வேர்வை சொட்டி, கீழே எழுதிய விடை அழிந்தது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், ஒங்க டை திரும்பிக்கிச்சு சார், சிஃபா யு.கே.ஜி. பி-னு எயுதியிருக்குது சார்" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் சிரிப்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றாவது கணக்குக்குத் திரும்பினேன். அப்போது கரும்பலகை மெதுவாக மேலே போகத் தொடங்கியது.

மற்றதைப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சேஃப்டி ஷூ கனத்தில் பாதம் இருந்த இடத்திலேயே இருக்க, நான் மட்டும் முன்னால் சாய்ந்தேனாம். அதைப் பார்த்த பூமிகா கையில் சாக்பீஸோடு அரைச்சுவரை ஒரே தாவாகத் தாவி வந்தாளாம். "மிஸ்ஸு பறந்து வந்தாங்க சார்" என்று ஒரு பையன் கண்ணை அகல விரித்துச் சொன்னான். வந்தவள் முதலில் கைக்கு எட்டிய டையைத்தான் பிடித்தாள். அது எலாஸ்டிக் என்பதால் என்னோடு கூடவே வந்து, பிறகு அறுந்தது. நெற்றியும் முழங்கையும் அடிபட்டது அந்த இடைவெளியில்தான். அடுத்த நொடி தோளைப் பிடித்துவிட்டாள், இல்லையென்றால் மேஜை முனையில் மண்டை இறங்கியிருக்கும். சேலையில் இருந்திருந்தால் அவளால் சுவரைத் தாண்டியிருக்க முடியாது, வராண்டா வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். நான் கணக்கு வாத்தியார் அல்லவா, காலமும் தூரமும் வைத்து நேற்று ராத்திரி மூன்று முறை போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் என் மண்டை உடைகிறது.

கண் விழித்தபோது என்னைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் வெள்ளைக் கோட்டில் நின்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், அதுவும் இத்தனை டாக்டர் என்றால் பெரிய வியாதிதான் என்று முடிவு செய்து, பக்கத்தில் குனிந்த அம்மாளிடம் நாக்கை நீட்டிக் காட்டி, சர்க்கரை இல்லை டாக்டரம்மா, பிரஷர் மட்டும்தான் என்று சொல்லி, ஒருவேளை நான் போய்விட்டால் என் மனைவிக்குத் தெரியட்டும் என்று பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியவரே, நாக்க உள்ள போடுங்க. எம் பேரு கன்னியம்மா, நான் ஜாக்ரபி. இது ஸ்டாஃப் ரூமு" என்றார். மற்றவர்கள் வருகைப் பதிவேட்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். சேலையும் அதன் மேல் கோட்டுமாக இருந்த இரண்டு பேருக்கு, எனக்கு விசிறியே மயக்கம் வரும்போல் இருந்தது.

பூமிகா தன் துப்பட்டாவை நனைத்து என் தலையில் சுற்றியிருந்தாள். அழுதுகொண்டே திட்டினாள். "இன்னா நைனா இது? ஒனக்கு எதனா ஆயிருந்தா அம்மாக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? மாமாவாண்ட போயி, எம் பொண்ணுக்கு வேகுதுங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல ஒனக்கு. இங்க வந்து உயிர வுட்றேன்னு நிக்கறியே. சேலயா சுடிதாரா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் நைனா. ஏப்ரல்ல சேலயோட ரெண்டு வாட்டி மயக்கம் வந்து போர்ட புடிச்சிக்கினு நின்னேன், ஒருத்தருக்கும் சொல்லல. பசங்க முன்னாடி வுயாம நின்னு பாடம் நடத்தணும், அவ்ளோதான் எனக்கு வேணும்." இதைக் கேட்டு எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. பெற்றவன் நான், என் மகள் இரண்டு முறை மயங்கப் பார்த்தது எனக்குத் தெரியவில்லை, அவள் எதை உடுத்தினாள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். என் ஸ்கூலில் செல்வி என்று ஒரு டீச்சர் இருந்தார். ஒரு மே மாதம் சிறப்பு வகுப்புக்கு மட்டும் சுடிதாரில் வரலாமா சார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் அனுமதி கொடுக்கவில்லை, கேட்டதற்கு ஒரு மெமோவும் கொடுத்தேன். மின்விசிறிக்கு நேர் கீழே, வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துகொண்டுதான் அந்த மெமோவை எழுதினேன். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது என் நினைவுக்கு வந்ததே இல்லை. நேற்று அந்த ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் படுத்திருந்தபோது வந்தது. ஊருக்குப் போனதும் அவர் வீட்டு விலாசம் விசாரிக்க வேண்டும்.

ஆகவே சம்பந்தி, உங்கள் கட்டளையை நிறைவேற்ற வந்தவன் அதற்கு நேர்மாறாக எழுதுகிறேன். கோடை வகுப்புகளுக்குப் பூமிகா சுடிதாரில்தான் போவாள். வேலையையும் விடமாட்டாள். நம் வீட்டு விசேஷங்களுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அவளே ஆசையாகச் சேலை கட்டிக்கொண்டு வருவாள், அதில் குறை வைக்கமாட்டாள். டீக்கடையில் யாராவது கேட்டால், அவள் அப்பன் ஹெட்மாஸ்டர், அவன் சொல்லித்தான் போடுகிறாள் என்று என் பெயரைச் சொல்லுங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் அதையும் என் மேலேயே காட்டுங்கள், அந்தப் பெண்ணின் மேல் வேண்டாம். உங்களிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இந்த ஒரு சம்மதத்தை மட்டும் கொடுக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். அவர்கள் மனம் நோகாதபடி விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லவும். இந்தப் பட்டத்து நெல் பதராகாமல் களம் சேரவும், தங்கள் ஊருக்கு டவர் நிலையாக நிற்கவும், இரு குடும்பத்து நட்பும் குளிர்ச்சியாக நீடிக்கவும் எல்லாம் வல்லவன் அருள்புரியட்டும்.

தங்கள் பதிலை நடுக்கத்துடன் எதிர்பார்க்கும்,
துளசிராமன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் சம்பந்தியம்மாவே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். உங்களிடம் பல்வலிக்கு மருந்து வாங்கப் பொன்னேரி போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்களாம். பல் நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம். பையிலிருந்து இரண்டு புது காட்டன் சுடிதார் எடுத்துப் பூமிகாவிடம் கொடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, ஏற்கெனவே இருக்கும் மூன்றும்கூட அவர்கள் பொன்னேரியில் வாங்கித் தைக்கக் கொடுத்தவையாம். நான் வந்த காரணத்தைச் சொன்னதும், "இன்னாங்க சம்பந்தி, அந்த மனுசன் பேச்சக் கேட்டுக்கினு வந்து வுயிந்து வெச்சீங்களா? வெயில் வந்துட்டா அவரு அரை டவுசரோட வரப்புல குந்திக்கினு இருப்பாரு, எம் மருமவ மட்டும் ஆறு கஜத்தச் சுத்திக்கினு வேகணுமா? அவராண்ட நீங்க ஒண்ணும் கேக்க வாணாம், நான் பாத்துக்கறேன்" என்றார்கள். ஆகையால் மேலே நான் மன்றாடியிருக்கும் சம்மதம் தேவைப்படவில்லை. இதையெல்லாம் உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்திருக்கிறேன். இப்போது உள்ளே ஒரு சுடிதாரைத் தாமே போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல காற்றோட்டமாக இருக்கிறதாம், நாளை நாற்று நடவுக்கு அதோடுதான் வருவார்களாம்.