மாப்பிள்ளையை மலையேற்றிய விவரம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.

அங்கே நீயும், உன் மகளும், பிறந்து பன்னிரண்டு நாளே ஆன பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் வீட்டுக்காரரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் மாடிவீட்டு டீச்சர் உனக்குப் போன் போட்டு, "ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாய்ஞ்சுக்கிட்டு, பேன்ட் கிழிஞ்சு, நொண்டி நொண்டி வந்தாங்க" என்று ஒப்பித்துவிட்டாராம். நேற்று நீ போனில் பேசிய அரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது "அது வந்தும்மா" என்ற இரண்டு வார்த்தைதான். அதனால் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. மகளையும் பேத்தியையும் விட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறுவேன் என்றாயே, இதைப் படித்து முடிக்கும்வரை பெட்டியைக் கட்டாதே.

நீ கிளம்பிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, இருதய ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆச்சு. டாக்டர் தினமும் நடக்கச் சொல்றார். இவர் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு நாற்காலியிலேயே உக்காந்திருக்கார். நீதான் எப்படியாவது வெளியில கூட்டிட்டுப் போகணும்" என்றாய். நானும் தினமும் போய்க் கூப்பிட்டேன். வாசல் கேட் வரைக்கும் வருவார். "இன்னிக்கு இது போதும் மச்சான்" என்று திரும்பிவிடுவார். நாற்பது பெட்டி நிலக்கரியை மலைச்சரிவில் பத்திரமாக இறக்கிய ரயில் டிரைவர், தன் வீட்டுக் கேட்டைக் கண்டு பயப்படுகிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்து அழுதேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை, "ஸ்டேஷன்னா வேணா வரேன்" என்றார். பிடித்துக்கொண்டேன். இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள்: ஸ்டேஷனில் கிளம்பி, குன்றைச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு வந்து சேரும் நாலு கிலோமீட்டர் பாதை. டாக்டரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன். "இதையா மலைன்னு சொல்றீங்க, தாராளமா போங்க" என்று சிரித்தார். ஆகவே அந்த மனிதர்மேல் கோபப்படாதே.

காலை 9.40-க்குப் போர்டுக்குக் கீழே நின்றோம். (முப்பது வருடம் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாக இருந்தவனுக்கு நேரம் போடாமல் எழுத வராது.) 9.50-க்கும் அங்கேயே நின்றோம். ஏன் மாப்பிள்ளை கிளம்பலையா என்றால், "நீங்க இன்னும் விசில் ஊதலையே" என்கிறார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன், பழக்கம், வேறென்ன. விரலை வாயில் வைத்து ஊதினேன். பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் டம்ளரோடு ஓடிப்போய் பாசஞ்சரில் ஏறினார்கள். சரி, ஒருவழியாகக் கிளம்பினோம், அப்புறம்தான் தெரிந்தது, வழிகாட்ட கல்லுக்குக் கல் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், எல்லாம் மஞ்சள். மஞ்சளைக் கண்டால் அடுத்து நிற்கத் தயாராக வேண்டும் என்பது உன் வீட்டுக்காரர் ரத்தத்தில் ஊறியது. ஒவ்வொரு அம்புக்கும் வேகத்தைக் குறைத்தார். இருந்த வேகத்தில் குறைக்க என்ன இருக்கிறது? ஒரு நத்தை எங்களைத் தாண்டிப் போனதாக நான் சொன்னால் நீ நம்பமாட்டாய், போகட்டும். அடுத்து ஒரு வீட்டு வேலியில் சிவப்புத் துண்டு காய்ந்தது. நின்றேவிட்டார். அந்த வீட்டம்மா எட்டிப்பார்த்து என்ன வேணும் என்று கேட்க, "இந்தத் துண்டை எடுத்துட்டீங்கன்னா நாங்க போயிடுவோம்மா" என்று நான் கெஞ்ச, அவர் எங்களைத் துண்டு திருடர்கள் என்று முடிவுகட்டி நாயை அவிழ்த்துவிட்டார். கிழிந்தது என் பேன்ட்தான். நாய்க்குக் கடைசிப் பெட்டிதானே அகப்படும். உன் வீட்டுக்காரருக்கு ஒரு கீறல் கிடையாது. அதற்கப்புறம் கல்படி, மொத்தம் நாற்பது, படிக்குப் படி நின்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினார். 11.05-க்கு மேலே போய்ச் சேர்ந்தோம்.

மேலே பாதை திரும்பும் வளைவில்தான் என் கவனக்குறைவால் வினை வந்தது. உருளும் கல் ஒன்றில் காலை வைத்தேன். வலது கால் பிசகிக்கொண்டது. திரும்பலாம் என்றால் நொண்டிக்காலோடு நாற்பது படி இறங்க முடியாது. முன்னால் பாதை சரிவாகத்தான் போகிறது, ஆனால் இரண்டரைக் கிலோமீட்டர். வேறு வழியில்லை. ஆபரேஷன் ஆன மனிதர், என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "மெதுவா வைங்க மச்சான், நான் இருக்கேன்ல" என்றார். ஒரு கையில் என் இடுப்பு, மறு கையில் பை. ஒரு குலுக்கல் இல்லாமல் ஸ்டேஷனில் கொண்டுவந்து சேர்த்தார். அவர் பிரேக் போடும் நிதானத்தைப் பார்த்துத்தானே உன்னை அவருக்குக் கொடுத்தேன். நாற்பது பெட்டிக்குப் பின்னால் என் கையிலிருந்த டீ தளும்பியதில்லை.

ஆகக் குற்றம் முழுவதும் என்னுடையது. நடக்கவைக்கிறேன் என்று கூட்டிப்போய் அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டு வந்தேன். இனிமேல் அவரை வாசல் கேட்டுக்கு அந்தப்பக்கம் அழைத்துப்போகமாட்டேன். இது சத்தியம். நீ கவலைப்படாமல் அங்கேயே இரு.

உன் மகள் உடம்பு தேறி எழவும், பேத்தி கொழுகொழுவென்று வளரவும் வாழ்த்தும்,
கடைசிப் பெட்டியில் வரும் உன் அண்ணன்.

பி.கு.: மேலே உள்ளதை நேற்றே மாப்பிள்ளை வாங்கிப் படித்து, எல்லாம் சரி என்று தலையாட்டினார். இதை மட்டும் தபாலாபீசில் நின்றுகொண்டு எழுதுகிறேன். என் காலுக்கு ஒன்றும் இல்லை. எந்தக் கல்லும் உருளவில்லை. அந்த வளைவில் அவர் உட்கார்ந்துவிட்டார். வலியா என்று கேட்டேன், இல்லை என்றார். "பயமா இருக்கு மச்சான். என்னால இனிமே முடியாது. நீங்க போங்க, நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்றார். அந்த வளைவை மட்டும் அவர் சொல்லவில்லை, இனி நாற்காலியை விட்டே எழப்போவதில்லை என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒருமுறை மழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்து நடுக்காட்டில் வண்டி நின்றபோது, பின்னால் நான் என்ன ஆனேனோ என்று நாற்பது பெட்டியையும் தாண்டி நடந்து வந்து பார்த்தவர் அவர். அது ஞாபகம் வந்தது. உடனே நானும் உட்கார்ந்து, காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ" என்றேன். எழுந்துவிட்டாரம்மா. ஸ்டேஷன் வரைக்கும் நெஞ்சில் வைக்க அவருக்குக் கை மிச்சமில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு தெரு நடந்து வந்து எனக்குக் கட்டு மாற்றிவிடுகிறார். அதனால் என் கால் இப்போதைக்கு ஆறுவதாக இல்லை. மேலே செய்த சத்தியம் செல்லாது. நீ பேத்திக்குத் தலை நிற்கும்வரை இருந்துவிட்டே வா.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இன்று காலை குளித்துவிட்டு வந்த அவசரத்தில் கட்டை இடது காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார், பார்த்தார். கீழே உட்கார்ந்து, அதை மெதுவாக அவிழ்த்து, வலது காலில் கட்டிவிட்டு, "இறுக்கமா இருக்கா மச்சான்?" என்று கேட்டார்.