குப்பைக்குள் இருந்த முருகன்

கம்ப்யூட்டரில் அழித்தது அழிந்துபோகும் என்று நம்பிய அப்பாவிகளில் நானும் ஒருத்தி. அதுவும் சும்மா நம்பவில்லை, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நம்பினேன்.

அப்போது விருதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி, சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸுக்கு டிசைன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். வேலை கேட்டுப் போன அன்றே, கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவரிடம் அளந்துவிட்டிருந்தேன். (மயில் கழுத்துக்கு நீலம் ஏற்றத் தெரியும். மீதியெல்லாம் தைரியம்.)

அண்ணாச்சியின் பிரஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. சாமி படம் அச்சான வேஸ்ட் தாளைக் குப்பையோடு சேர்க்கக் கூடாது, கால் படக் கூடாது. தனியாகக் கட்டிவைத்து, வருடத்துக்கு ஒருமுறை வெம்பக்கோட்டை அணைத் தண்ணீரில் கரைத்துவிட்டு வருவார்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட வேண்டும். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் பார்ட்டிகள் ஆர்டர் கொடுப்பார்கள். அன்றைக்கு ஆல்பம் இல்லையென்றால் அந்த சீசனே இல்லை. அதற்கு மூன்று நாள் முன்னால், இடமில்லை என்று ஹார்டு டிஸ்க் கையை விரித்துவிட்டது.

பழைய லட்சுமிகளை அழித்தேன். இடம் வரவில்லை. சரஸ்வதிகளை அழித்தேன், பிள்ளையார்களை அழித்தேன். ஒரு சொட்டு இடம்கூடக் கூடவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஃபோல்டரை உள்ளே பார்க்காமலே முழுதாகத் தூக்கினேன். அதற்குள்தான் ஆல்பத்தின் முதல் பக்கத்து முருகன் இருந்தார். (அண்ணாச்சி ஆறு முறை திருத்தச் சொல்லி, ஏழாவது முறை "இப்பத்தான் சிரிக்காரு" என்று ஒப்புக்கொண்ட முருகன்.) இப்போது டிஸ்க்கில் முருகனும் இல்லை, இடமும் இல்லை.

அச்சுப் பிளேட் கேட்டு வந்த மிஷின்மேன் கருப்பசாமி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நேராக அண்ணாச்சியிடம் போய்விட்டார். வேலை போனது என்றே நினைத்தேன். அண்ணாச்சி வருவதற்குள் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி கம்ப்யூட்டரை மாற்றினேன்.

திரையில் மங்கலாக ஒரு ஃபோல்டர் எழும்பியது. திறந்தேன். நான் அழித்த லட்சுமிகள் அத்தனை பேரும் இருந்தார்கள். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் அழித்த சாமிகளும் இருந்தார்கள். கண் எழுதாத அம்மன், ஒரு கை மட்டும் முடிந்த பிள்ளையார், நாலு நிறத்தில் மயில்கள், கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு உடம்பு புல்லரித்தது. இத்தனை வருடமாக இந்தக் கையளவு பெட்டிக்குள், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்கள்.

திட்ட வந்த அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கருப்பசாமி அண்ணன் ஓர் அம்மனைப் பார்த்துக் கைகூப்பி, "இந்தத் தாயி எங்க வீட்டுல பிரேம் போட்டு இருக்காக" என்றார்.

"இம்புட்டுச் சாமியும் எங்கனம்மா கெடந்துச்சு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

அழித்ததையெல்லாம் கம்ப்யூட்டர் சேர்த்துவைக்கும் அந்த ஃபோல்டருக்குப் பெயர் ரீசைக்கிள் பின். பொய் சொல்லியிருக்கலாம். "குப்பைத் தொட்டியில, அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் இன்றும் மறக்க முடியாது. சிரிக்கும் முருகனை மட்டும் வெளியே எடுத்துவிடலாம், மற்றவர்களை ஒரேயடியாகக் காலி செய்தால்தான் இடம் வரும், இடம் வந்தால்தான் ஆல்பம் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அண்ணாச்சி, கரைப்பது என்றால் முறையாகத்தான் கரைக்க வேண்டும் என்று முடிவு சொன்னார். ராகு காலம் கழியும்வரை காத்திருந்தோம். மிஷினை நிறுத்திவிட்டு, பைண்டிங் பெண்கள் உட்பட எல்லோரும் வெறுங்காலோடு என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி கையில் செம்பு நிறையத் தண்ணீர்.

"தண்ணி இல்லாம எப்பிடிம்மா கரையும்?" என்றார்.

முருகனை வெளியே இழுத்து வைத்துவிட்டு, காலி செய்யும் பொத்தானை அமுக்கினேன். அண்ணாச்சி மூன்று கை தண்ணீர் தெளித்தார். அது திரையில் வழிந்து கீபோர்டுக்குள் இறங்கியது. கீபோர்டு அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

ஆனால் திரையில், காலி இடத்தைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே இருந்தது. பொங்கல் பானையைப் பார்ப்பதுபோல எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்புட்டு எடமும் அவுகளா விட்டுக் குடுத்ததும்மா" என்றார்.

புது கீபோர்டு வாங்கி வந்தார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளிவந்தது, முருகன் சிரித்தார். என் வேலையும் தப்பியது.

கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதையை என் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் யார் எதை அழித்தாலும், "செருப்பைக் கழட்டியாச்சா? செம்பு எங்க?" என்று கேட்டு மானத்தை வாங்குவார். விருந்தாளிகள் முன்னால் இன்னும் சத்தமாகக் கேட்பார்.

போன வாரம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவர் போன் இடமில்லை என்றது. காலை வணக்கம் சொல்லிச் சொந்தக்காரர்கள் அனுப்பியிருந்த சாமி படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். நான் யதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். அவருடைய செருப்பு இரண்டும் பெஞ்சுக்கு அடியில் தனியாகக் கிடந்தன.